கையைத் தூக்குங்க

ஊரிலேயே அதிகம் பேரைத் தொட்டவர் யார் என்று ஒரு போட்டி வைத்தால், வணிக வளாகத்தின் வாசலில் நிற்கும் செக்யூரிட்டி முதல் பரிசைத் தட்டிக்கொண்டு, பரிசு கொடுக்க வந்த பெரிய மனிதரையும் ஒரு தடவு தடவித்தான் உள்ளே அனுப்புவார். காலையில் கதவைத் திறந்தால் ஷிஃப்ட் முடிகிற வரை அவர் கைக்கு ஓய்வு கிடையாது. "கையைத் தூக்குங்க சார்." தோளிலிருந்து மணிக்கட்டு, அக்குளிலிருந்து இடுப்பு, முன் பாக்கெட், பின் பாக்கெட், கணுக்கால். எல்லாம் புறங்கையால். உள்ளங்கை பட்டால் அது தொடுவது, புறங்கை பட்டால் அது சோதனை என்று வேலைக்குச் சேர்ந்த அன்று சூப்பர்வைசர் சொல்லிக் கொடுத்திருந்தார். சூப்பர்வைசர் அதற்குப் பிறகு வேறு கம்பெனிக்குப் போய், அங்கிருந்தும் போய்விட்டார். அவர் சொன்னது மட்டும் போகவில்லை. கடைசியாக, ஆளின் முகத்தைப் பார்க்காமல், "ஆச்சு, போங்க."

அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. ஆதார் அட்டையில் பத்திரமாக இருந்தது. வீட்டுக்காரரிலிருந்து மாவு மில்காரர் வரை எல்லோரும் செக்யூரிட்டி என்றே கூப்பிட்டதால், அவரும் அதையே கேட்டுத் திரும்பிப் பழகிவிட்டார்.

இத்தனை பேரைத் தொட்டவர் வீட்டில் ஒருவரையும் தொடமாட்டார். அப்படியானால் பிள்ளை எப்படிப் பிறந்தது என்று கேட்கக் கூடாது. அது வேறு டிபார்ட்மென்ட். கல்யாணமான புதிதில் மனைவி ஆசையாகத் தோளில் சாய்ந்தால், செக்யூரிட்டியின் இரண்டு கைகளும் தாமாகவே பக்கவாட்டில் மேலே போய்விடும். "யாருங்க உங்களைச் சுடப் போறா?" என்று அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். கொஞ்ச நாளில் சிரிப்பதை நிறுத்தினாள். அப்புறம் சாய்வதையும்.

அவள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுப்பவள். அவள் கை பட்டதும் வந்தவர்கள் கண்ணை இறுக மூடிக்கொண்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார்கள். ஆகமொத்தம், ஒருவர் புறங்கையால் தொடுகிறவர், இன்னொருவர் ஊசியால் தொடுகிறவர். இந்தக் கலைக்குடும்பத்தில்தான் வாண்டு பிறந்தான்.

ஒரு விடுமுறை நாளில் வாண்டுக்கு ஷூ வாங்க அம்மாவும் பிள்ளையும் வளாகத்துக்கு வந்தார்கள். அம்மா பெண்கள் வரிசையில் போய்விட்டாள். வாண்டு ஆண்கள் வரிசையில், பேண்ட் கால்களுக்கு நடுவே ஒரு முக்கால் பேண்டாக நகர்ந்து வந்தான். அப்பா முன்னால் வந்ததும், யாரும் சொல்லாமலேயே இரண்டு கைகளையும் விரித்துத் தூக்கினான். செக்யூரிட்டி மெல்லச் சிரித்து, முறைப்படி சோதித்து, "ஆச்சு, போங்க" என்றார். ஷூ வாங்கியானது. வெளியே போகிற வழியாகப் போன வாண்டு, சுற்றி வந்து மறுபடியும் வரிசையில் நின்றான். கையைத் தூக்கினான். சோதித்தார். "ஆச்சு, போங்க." மறுபடியும் வந்தான். இந்தத் தடவை வாசலில் இருந்த மெட்டல் டிடெக்டர் கத்தியது. பாக்கெட்டில் அம்மாவின் சாவிக்கொத்து.

"சாவியெல்லாம் ட்ரேல வைக்கணும்ப்பா," என்றார் செக்யூரிட்டி. எடுத்து ட்ரேயில் வைத்தார். மறுபடி தோளிலிருந்து தொடங்கினார், ஏனென்றால் கருவி கத்தினால் முதலிலிருந்து பார்க்க வேண்டும். வாண்டு கண்ணை மூடிக்கொண்டு, சாமியாரைப் போல நின்றான். பின்னால் நின்றவர், "சின்னப் பையன்தானேங்க, விடுங்க," என்றார். விதி என்றால் விதி.

எஸ்கலேட்டர் அடியில் ஷூ டப்பாவோடு நின்ற மனைவி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை அவர் யூனிஃபார்மை அயர்ன் பண்ணும்போது பக்கத்தில் வந்து நின்றாள்.

"நேத்து உங்க புள்ள எதுக்கு திரும்பத் திரும்ப வரிசையில நின்னான்னு தெரியுமா?"

"விளையாட்டு."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். கேட்டேன். 'அங்க நின்னா அப்பா தொடுவாங்கம்மா'ன்னான்."

அயர்ன் பாக்ஸ் காலர் மேலேயே உட்கார்ந்துவிட்டது.

"அதோட விட்டானா? 'வீட்ல ஏம்மா வரிசை இல்ல?'ன்னு கேக்குறான். என்னத்த சொல்ல? நம்ம வீட்ல கூட்டம் பத்தலடான்னா?"

"நான் அவனை அடிச்சதுகூட இல்லையே," என்றார் செக்யூரிட்டி.

"அடிச்சிருந்தாக்கூட கை பட்டிருக்கும்." சொன்ன பிறகு அவளுக்கே அது அதிகமாகப் பட்டது. குரலைத் தணித்தாள். "இங்க பாருங்க. நான் கோவிச்சுக்கிட்டு எங்கயும் போயிட மாட்டேன். எனக்குப் பழகிருச்சு. அவன் இப்ப வரிசையில நிக்கிறான். கொஞ்ச நாள் நிப்பான். அப்புறம் நிக்க மாட்டான். அதுக்கப்புறம் நீங்க வெத்தல பாக்கு வச்சுக் கூப்பிட்டாலும் வர மாட்டான். அது மட்டும் நடந்துட்டா எனக்கு ஆறாதுங்க. காலர் கருகுது."

அன்று முழுவதும் செக்யூரிட்டி கழுத்தில் ஒரு பழுப்பு முக்கோணத்தோடு ஊரைத் தடவினார். சாயங்காலம், மனைவி எழுதிக் கொடுத்த முகவரிக்குப் போனார்.

அது ஒரு டயர் கடையின் மாடி. அங்கே ஒரு மனநல ஆலோசகர் வாரம் ஒருமுறை ஒரு வட்டம் நடத்தினார். ஒருவர் பக்கத்தில் ஒருவர் நெருங்கி உட்கார வேண்டும், கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், முதுகோடு முதுகு சாய வேண்டும், மனதில் இருப்பதைச் சொல்ல வேண்டும். சின்ன வயதில் ஒட்ட வேண்டிய இடத்தில் ஒட்டாமல் போன மனசை, இப்போது மெதுவாக ஒட்டவைக்கும் வைத்தியம். கீழே டியூபுக்கும் அதைத்தான் செய்தார்கள் என்பதால் இடம் பொருத்தமாகவே இருந்தது. ஒரே தொந்தரவு, மேலே யாராவது மனம் திறந்து அழ ஆரம்பிக்கும் நேரம் பார்த்துக் கீழே காற்றுக் குழாய் 'புஸ்ஸ்' என்னும்.

ஆலோசகரை எல்லோரும் மேடம் என்றார்கள். ரத்தம் கொடுக்கப் போனபோது ஊசிக்குப் பயந்து செக்யூரிட்டியின் மனைவியின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டவர் அவர். அந்தப் பிடியில்தான் இந்தச் சிபாரிசே நடந்தது.

"இங்க ஒரே சட்டம்தான்," என்றார் மேடம். "கேட்டுட்டுத்தான் தொடணும். வேண்டாம்னு சொன்னா வேண்டாம். ஏன்னு யாரும் கேக்க மாட்டாங்க."

செக்யூரிட்டிக்கு அது பிடித்திருந்தது. சட்டம் இருக்கும் இடத்தில் அவருக்குக் கொஞ்சம் மூச்சு வரும்.

வட்டத்தில் இன்னும் மூன்று பேர். ஒருவர், மனைவியை இழந்த, ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். இன்னொருவர் வங்கியில் வேலை பார்க்கும் கேஷியர் அக்கா. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்து இருந்து, வீட்டிலும் யாராவது பேசினால் ஓட்டை வழியாகக் கேட்பது போலக் குனிவார். மூன்றாவது, ஜிம் தம்பி. ஜிம்மில் பயிற்சி கொடுப்பவன். ஒரு ஆள் உயரம், இரண்டு ஆள் அகலம். வட்டத்தில் முதலில் அழுவது எப்போதும் அவன்தான்.

முதல் நாள் செக்யூரிட்டியும் வாத்தியாரும் முதுகோடு முதுகு உட்கார்ந்தார்கள்.

"சாஞ்சுக்கலாங்களா?" என்றார் வாத்தியார்.

"சாயுங்க சார்."

சாய்ந்தார். மூட்டையை இறக்கி வைத்தது போல ஒரு பாரம். சூடாக, மூச்சுவிடும் பாரம்.

"இப்ப உங்களுக்கு என்ன தோணுது?" என்று மேடம் கேட்டார்.

செக்யூரிட்டி யோசித்தார். "முதுகு தோணுது மேடம்."

"ரொம்ப நல்லது," என்றார் மேடம். நிஜமாகத்தான் சொன்னார்.

இப்படியே சில வாரங்கள் ஓடின. முதுகு தோன்றியது, தோள் தோன்றியது, ஒருநாள் முழங்கையும் தோன்றியது. வீட்டில்தான் ஒன்றும் தோன்றவில்லை. வாண்டு முன்பெல்லாம் கதவுச் சத்தம் கேட்டு ஓடி வந்து, அப்பாவுக்கு ஒரு முழம் முன்னால் பிரேக் போட்டு நிற்பான். இப்போது ஓடி வருவதில்லை. அப்பா கடந்து போக வழிவிட்டு, தரையில் நீட்டிய காலை மடக்கிக்கொண்டான். அவ்வளவுதான். செக்யூரிட்டி அந்த மடங்கிய காலைப் பார்த்தார். அவள் சொன்ன 'அப்புறம்' வந்துகொண்டிருந்தது.

அடுத்த வாரம் மேடம் ஒரு படி ஏறினார். "இன்னிக்கு கட்டிப் பிடிக்கலாம். அவசரமே வேண்டாம். ரெண்டு பேரும் சேர்ந்து மூச்சு விடுங்க, போதும்."

செக்யூரிட்டிக்கு ஜிம் தம்பி ஜோடி.

"அண்ணே, கட்டிக்கலாமா?"

"ம்."

ஜிம் தம்பி இரண்டு கைகளையும் அகல விரித்தான். அந்தக் கோலத்தில் ஒரு மனிதன் முன்னால் நின்றால் செக்யூரிட்டியின் கைகள் யாரையும் கேட்காது. தோள், மணிக்கட்டு, அக்குள், இடுப்பு, முன் பாக்கெட், பின் பாக்கெட், குனிந்து கணுக்கால். எல்லாம் புறங்கையால், கண் மூடித் திறப்பதற்குள். நிமிர்ந்து, சுவரைப் பார்த்து, "ஆச்சு, போங்க," என்றார்.

கீழே 'புஸ்ஸ்' என்றது.

முதலில் சிரித்தது மேடம்தான். அதற்கப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை. கேஷியர் அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டார். செக்யூரிட்டிக்குக் காதெல்லாம் சிவந்தது. "மன்னிச்சுக்க தம்பி. கை பழக்கம்."

ஜிம் தம்பி மட்டும் சிரிக்கவில்லை. "அண்ணே, பாக்கெட்டுல இருந்தது தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது. சாவி. வண்டி சாவி மாதிரி இருந்துச்சு."

ஜிம் தம்பி அதை வெளியே எடுத்தான். "ஸ்கூட்டர் சாவி. அவளோடது. எங்கிட்ட குடுத்து வச்சிருந்தா. போனப்ப வாங்கிக்காமலே போயிட்டா. சாவி என்கிட்ட இருக்கில்ல, என்னிக்காவது வருவான்னு..." சாவியை உள்ளங்கையில் திருப்பினான். "ஆனா அவ ஸ்பேர் சாவி போட்டு ஜாலியா ஓட்டிக்கிட்டுத் திரியறாண்ணே!"

வழக்கம்போல அழுதான். ஆனால் இத்தனை வாரம் மேடம் துருவித் துருவிக் கேட்டும் வராத விஷயம், ஒரே சோதனையில் வெளியே வந்துவிட்டது. வாத்தியாருக்கு அது புரிந்துவிட்டது. எழுந்து வந்து செக்யூரிட்டி முன்னால் நின்றார்.

"என்னையும் ஒருக்கா பாருங்களேன்."

"எதுக்கு சார்?"

"சும்மா பாருங்க."

கேஷியர் அக்காவும் எழுந்தார். "அப்ப எனக்கு?"

"லேடீஸ் லைன் தனிங்க," என்றார் செக்யூரிட்டி, அந்த நிலையிலும்.

வாத்தியாரைச் சோதித்தார். தளர்ந்த தோள், சட்டைக்குள் ஆடுகிற கைகள், பாக்கெட்டில் ஒரு பெப்பர்மிண்ட். வேறொன்றும் இல்லை. "ஆச்சு சார்."

வாத்தியார் கையை இறக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நின்றார். "இன்னொரு தடவை பாருங்க. சரியா பாக்கலையோன்னு தோணுது."

செக்யூரிட்டி அசையாமல் நின்றார். இந்த நிற்பை அவர் எங்கேயோ பார்த்திருக்கிறார். அதே மூடிய கண், அதே தூக்கிய கை.

மேடம் மெதுவாகக் கேட்டார். "உங்களை யாராவது இப்படிச் சோதிச்சிருக்காங்களா?"

"எங்கள வேலைக்கு உள்ள விடும்போதே..."

"அதுக்கு முன்னாடி."

செக்யூரிட்டி தரையைப் பார்த்துச் சொன்னார். "சின்ன வயசுல. எங்கம்மா நான் கைக்குழந்தையா இருக்கும்போதே போயிட்டாங்க. அப்பா வேலை வேலைன்னு ஊர் ஊரா. நான் ஒரு மாசம் பெரியம்மா வீடு, ஒரு மாசம் மாமா வீடு, அப்புறம் அத்தை வீடு. சோத்துக்குக் குறை வைக்கல யாரும். கிளம்புற அன்னிக்கு வாசல்ல நிறுத்தி, கையைத் தூக்கச் சொல்லி, பாக்கெட்டெல்லாம் பாப்பாங்க. அவங்க வீட்டுச் சாமான் எதையாவது எடுத்துட்டேனான்னு. அதான் ஒரு வழக்கமாவே ஆயிருச்சு."

"கோவம் வந்துதா?"

"இல்ல மேடம்." அவர் சிரிக்கப் பார்த்தார். "அந்த வீடுங்கள்ள என்மேல கை படறது அப்ப மட்டும்தான். ஒண்ணும் இல்லேன்னா சட்டுன்னு முடிஞ்சிரும், போடான்னுருவாங்க. அதனால அத்தை வீட்ல கிளம்பும்போது ஒரு கரண்டியை எடுத்து உள்ள சொருகிக்குவேன். கரண்டி இருந்துச்சுன்னா வேற என்ன வச்சிருக்கான்னு முதல்லேருந்து பாப்பாங்க. கொஞ்ச நேரம் கூட..."

அங்கேயே நின்றுவிட்டார். வாய் திறந்தபடி இருந்தது.

"சாவிக்கொத்து," என்றார்.

"என்ன?" என்றார் கேஷியர் அக்கா.

"என் பையன். அவங்கம்மா சாவியை எடுத்து பாக்கெட்டுல போட்டுக்கிட்டு வந்தான். வேணும்னே. நான் ட்ரேல வைன்னு சொன்னேன்."

சட்டப்படி மேடம் கேட்டார். "கை வைக்கலாமா?"

தலையாட்டினார். முதலில் வாத்தியாரின் கை முதுகில் வந்தது. பிறகு ஜிம் தம்பியின் கை, அது ஒரு முறம் அளவுக்கு இருந்தது. அக்காவின் கை தோளில். எல்லாம் உள்ளங்கை. உள்ளங்கைக்கு இவ்வளவு சூடு உண்டு என்பதை, ஊரையே தொட்டவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அப்போது ஒரு பெரிய 'புஸ்ஸ்' கேட்டது. கீழே டயர் கடைக்கு அதற்குள் ஷட்டர் இறக்கிவிட்டார்கள் என்பதை மட்டும் இங்கே சொல்லி வைக்கலாம்.

படி இறங்கும்போது ஜிம் தம்பி கேட்டான். "இப்ப வீட்டுக்குப் போயி என்னண்ணே பண்ணுவீங்க?"

"கட்டிப் பிடிக்கணும்தான். ஆனா அவன் கிட்ட வந்தாலே என் கை ரெண்டும் மேல போயிருமே தம்பி."

"போகட்டுமே," என்றார் வாத்தியார். "போனா என்ன, மேலயே இருக்கட்டும்."

செக்யூரிட்டி நடுப்படியில் நின்றார். பிறகு மூவரிடமும் கேட்டார். "பாக்கெட்டுல போட ஏதாவது இருக்கா? என்னவா இருந்தாலும் சரி."

வாத்தியார் பெப்பர்மிண்ட்டைக் கொடுத்தார். கேஷியர் அக்கா, நோட்டு எண்ண விரலில் மாட்டும் ரப்பர் உறையைத் தந்தார். ஜிம் தம்பி சாவியை நீட்டினான். "பத்திரம்ணே. அடுத்த வாரம் திருப்பிக் குடுத்துரணும்." நாலு படி இறங்கியதும், "வேணாம், வச்சுக்கங்க," என்றான். இன்னும் ரெண்டு படி இறங்கியதும், "இல்ல, குடுத்துருங்க," என்றான். ஒரேயடியாகக் குணமாகிவிட யாராலும் முடியாது.

வீட்டில் வாண்டு தரையில் படுத்து, ஷூ டப்பாவுக்கு ஜன்னல் வெட்டிக்கொண்டிருந்தான். அப்பாவைப் பார்த்ததும் காலை மடக்கி வழிவிட்டான். அப்பா கடக்கவில்லை. வாசலுக்கு உள்ளே ஒரு அடி வைத்து நின்று, இரண்டு கைகளையும் விரித்துத் தூக்கினார்.

வாண்டு நிமிர்ந்து பார்த்தான். "என்னப்பா?"

"உள்ள வரணும். செக் பண்ண ஆளில்லையா இங்க?"

வாண்டு கத்தரிக்கோலை வைத்தான். எழுந்து வந்தான். அவன் முகத்தில் அப்பாவின் முகமே வந்துவிட்டது. சிரிப்பு கிடையாது. "ஷூவைக் கழட்டுங்க சார்."

"நாங்க ஷூவெல்லாம் கழட்டச் சொல்றதில்லையே..."

"இங்க கழட்டணும்."

கழற்றினார். வாண்டு சோதனையைத் தொடங்கினான். அவனுக்கு எந்தச் சூப்பர்வைசரும் பயிற்சி கொடுத்திருக்கவில்லை. உள்ளங்கையாலேயே, பசை ஒட்டிய விரல்களோடு, அப்பாவின் காலிலிருந்து மேலே தடவிக்கொண்டு வந்தான். பாக்கெட்டில் கைவிட்டான்.

"இது என்ன?"

"பெப்பர்மிண்ட்."

"உள்ள விட முடியாது." வாயில் போட்டுக்கொண்டான். "இது?"

"விரல்ல மாட்டுறது. ஒரு அத்தை குடுத்தாங்க."

மாட்டிப் பார்த்துக்கொண்டான். பின் பாக்கெட்டில் சாவி. சட்டைப்பையில் எச்சில் தொட்டு மடித்த பஸ் டிக்கெட். இன்னொரு பாக்கெட்டில், வழியில் பொறுக்கிய ஒரு கூழாங்கல். எதற்குமே அவன் சிரிக்கவில்லை. எல்லாவற்றையும் ஷூ டப்பாவில் போட்டான், அதுதான் ட்ரே. ஒவ்வொன்று கிடைத்ததும் முதலிலிருந்து தடவினான். விதி அவனுக்கும் தெரிந்திருந்தது. செக்யூரிட்டியின் கைகள் கடுக்க ஆரம்பித்தன. ஒரு நாளைக்கு இத்தனை பேரைத் தூக்கச் சொல்கிறோமே என்று முதல் தடவையாக நினைத்தார்.

கடைசியில் எல்லா பாக்கெட்டும் காலி. வாண்டு உதட்டைப் பிதுக்கினான். "ஒண்ணும் இல்ல. ஆச்சு, போங்க."

செக்யூரிட்டி போகவில்லை. "இன்னொரு தடவை பாரேன். சரியா பாக்கலையோன்னு தோணுது."

வாண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தான். தன் வரிசையில் திரும்பத் திரும்ப வந்து நிற்கிற ஆளைப் புரிந்துகொள்ள, அதே வேலையைச் செய்த இன்னொருவனால்தான் முடியும்.

"தோள் எட்டல," என்றான், குரல் இறங்கி. "கீழ உக்காருங்க."

மண்டியிட்டார். வாண்டு தோளைத் தடவினான். கழுத்தைத் தடவினான். கழுத்தின் பின்புறம் போன கைகள் அங்கேயே கோத்துக்கொண்டன. பெப்பர்மிண்ட் வாசனையோடு ஒரு மூச்சு செக்யூரிட்டியின் காதில் பட்டது. மேலே நின்றிருந்த அவருடைய கைகள் மெல்ல இறங்கி வந்து பிள்ளையின் முதுகில் படிந்தன. புறங்கை ஒரு கணம் பட்டது. அப்புறம் திரும்பியது.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தார்கள் என்று பார்க்க அங்கே ஒரு ஆள் இருந்தது. பாத்திரம் கழுவிய ஈரக் கைகளை இரண்டு பக்கமும் தூக்கிக்கொண்டு மனைவி நின்றிருந்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"எவ்வளவு நேரம்ங்க ஒரே ஆளுக்கு? பின்னாடியும் ஆள் நிக்குதில்ல?"

வாண்டு அப்பாவின் தோளிலிருந்து முகத்தை எடுக்காமலே சொன்னான். "லேடீஸ் லைன் தனிம்மா."

"அங்க யாருமே இல்லடா. எத்தனை வருஷமா நிக்கிறேன்."

செக்யூரிட்டி ஒரு கையை மட்டும் எடுத்து அவள் பக்கமாக நீட்டினார். உள்ளங்கை மேலே பார்த்திருந்தது. "இங்கயே வா. இன்னிக்கு ஒரே லைன்தான்."

வாண்டு விதியைப் பற்றிக் கொஞ்சம் யோசித்தான். பிறகு, போனால் போகிறது என்று, சற்றே நகர்ந்து இடம் விட்டான்.